கடலோர வீட்டில் ஜிப்சம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் வீடு கட்டத் தொடங்கும் பலரும் இப்போது கொத்தனாரிடம் கேட்பது இதுதான்: “உள்பூச்சுக்கு ஜிப்சம் போட்டுவிடலாமா?” மதுரையிலோ சென்னையிலோ உறவினர் வீட்டுச் சுவரின் வழவழப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நாள்கணக்கில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியும், மேலே பட்டி பார்க்கும் செலவும் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மதுரைச் சுவருக்குச் சொன்னதைக் கடலோர ஊரான மண்டபத்தின் சுவருக்கு அப்படியே சொல்ல முடியாது.

ஜிப்சம் தண்ணீரில் கரையும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 2 கிராம்தான் கரையும் என்றாலும், உப்புநீரில் அதைவிடக் கூடுதலாகக் கரையும். ஆகவே இந்தக் கரையில் ஜிப்சம் வாங்குவதற்கு முன் சுவருக்கு ஈரமும் உப்பும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பதே முதல் வேலை. கரண்டி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மூட்டையில் இருப்பது எது?

கடையில் ஜிப்சம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் கிடைக்கின்றன. வயலுக்குப் போடுவது சுடாத ஜிப்சம். அதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இறுகாது, சேறாகவே கிடக்கும். அதே ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் அளவில் வறுத்தால் அதன் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். மிஞ்சுகிற வெள்ளைத் தூள்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் தண்ணீர் சேர்த்தால் இழந்ததை வாங்கிக்கொண்டு சூடாகி, மறுபடி கல்லாகிறது. அதோடு இறுகலைத் தாமதப்படுத்தும் பொருளும் பிடிமானத்துக்கான பொருளும் சேர்த்து விற்பது சுவர்ப்பூச்சு ஜிப்சம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பத்து நிமிடம் போல இறுகத் தொடங்கிவிடும். சுவர்ப்பூச்சு ஜிப்சம் அரை மணி நேரம் வரை கைக்கு இடம் கொடுக்கும். புதிதாகப் பழகுகிறவர் சுவரில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை முயல வேண்டாம், கைவேகம் போதாது.

கட்டட ஜிப்சத்துக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 2547. மூட்டையில் அந்த எண்ணையும், அதைவிட முக்கியமாகத் தயாரித்த தேதியையும் பாருங்கள். கடற்காற்றில் மூட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் தாண்டிய சரக்கை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் வைக்கும்போது தரையிலும் சுவரிலும் படாமல், மரப்பலகை மேல் அடுக்கி, தார்ப்பாயால் மூடி வைக்க வேண்டும்.

இன்னொரு சரக்கும் இந்தப் பகுதியில் கண்ணில் படலாம். வாலிநோக்கம், உப்பூர், திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. கடல்நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டும்போது உப்புக்கு முன்னதாகவே ஜிப்சம் படிகிறது. நீரின் உப்படர்த்தியை அளக்கும் பாமே மானியில் 13, 14 டிகிரி காட்டும்போது தொடங்கும். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் சமையல் உப்பு விழத் தொடங்கும். அதனால்தான் உப்பு எடுக்கும் பாத்திக்கு முந்தைய பாத்திகளின் அடியில் ஊசி ஊசியான படிகங்கள் சேர்ந்து கடினமான பொருக்காகிக் கிடக்கின்றன. அது அசல் ஜிப்சம்தான். ஆனால் கழுவிச் சுத்தம் செய்யாதவரை அதன் இடுக்கெல்லாம் கடலுப்பு இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வீட்டுக்கோ வயலுக்கோ கொண்டுவந்தால் உப்பைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

சுவரைச் சோதியுங்கள்

இந்த வேலைக்கு மட்டும் அவசரப்படவே கூடாது. நான்கு சோதனைகள் போதும். எதற்கும் கருவி வேண்டாம்.

முதலில், ஏற்கெனவே இருக்கும் பூச்சு எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, வெளிப்பட்ட பூச்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் அது சுண்ணாம்பாகவோ சிமென்ட்டாகவோ இருக்கும். நுரைக்காமல், விரல் நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் ஜிப்சம். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைத்தான் காண்பீர்கள். அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுத் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். அத்தகைய சுவரைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். அதன்மேல் ஜிப்சம் பூசுவது நல்ல சுவரைக் கெடுப்பது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

அடுத்தது உப்பு. செங்கல்லின் மேலோ பூச்சின் மேலோ வெள்ளையாகப் பூத்திருந்தால் அதை ஒரு தாளில் வழித்தெடுத்து, கண்ணாடி டம்ளர் நீரில் போட்டுக் கலக்குங்கள். உடனே கரைந்து மறைந்தால் அது கரையும் உப்பு; சுவருக்குள் இன்னும் இருக்கிறது, மேலும் வரும். கரையாமல் அடியில் தங்கினால் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு; அது பெரிய தொல்லை தராது. உப்பாக இருந்தால் காய்ந்த தூரிகையால் மட்டும் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். ஓரிரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். மீண்டும் பூத்தால் அந்தச் சுவர் ஜிப்சத்துக்கு ஆகாது.

மூன்றாவது, ஓதம். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சன்னலைத் திறந்துவைத்தால் தீரும். ஒரே சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என மூன்று தாள் ஒட்டிப் பார்த்தால் ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அடித்தளத்துக்கு மேல் டி.பி.சி. எனும் ஓதத் தடுப்பு அடுக்கு போடாத வீடுகளில் மூன்றடி வரைகூட ஏறி நிற்கும்.

நான்காவது சோதனை விசாரணை. வீடு கட்டியபோது எந்தத் தண்ணீரில் சாந்து குழைத்தார்கள், மணல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உப்புக் கிணற்று நீரில் குழைத்த சாந்துக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது நகரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு எது எங்கே என்று முடிவு செய்துவிடலாம். வெளிச்சுவர், குளியலறை, துவைக்கும் இடம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கிணற்றடி இவற்றுக்கு ஜிப்சம் கிடையாது. ஓதம் ஏறும் தரைத்தளச் சுவரில் ஓதக் கோட்டுக்கு மேல் ஓரடி விட்டுத்தான் ஜிப்சம் தொடங்க வேண்டும். கீழே சுண்ணாம்போ சிமென்ட்டோ இருக்கட்டும். ஓதமே இல்லாத சுவரிலும் தரையைத் தொடாமல் நான்கு அங்குலம் விட்டு நிறுத்துங்கள். அந்த இடத்தில் சிமென்ட் பூசி ஓரக்கல் ஒட்டிக்கொள்ளலாம். வீடு கழுவிவிடும்போது தேங்கும் தண்ணீர் பூச்சுக்குள் ஏறாது. சமையலறையில் பூசலாம், ஆனால் அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடு நாள்தோறும் பட்டால் ஜிப்சம் மெல்ல நீரை இழந்து பொடியும். மாடியில் உள்ளறைகள் இருக்கின்றனவா? அங்கே தயங்காமல் பூசுங்கள். இந்தப் பூச்சு அருமையாக உழைப்பது அங்கேதான்.

காலமும் தண்ணீரும்

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது ஜிப்சம் வேலை எடுக்காதீர்கள். இறுகும், ஆனால் காயாது. தை பிறந்து வெயில் ஏறிய பிறகு தொடங்கி ஆவணிக்குள் முடிப்பது நல்லது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வேகமாக வீசும் நாள்களில் மட்டும் காற்று வரும் பக்கத்துச் சன்னலைப் பலகையால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பூசும்போதே மேல்தோல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். குழைப்பதற்குக் குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும்: காவிரிக் கூட்டுக் குடிநீரோ லாரித் தண்ணீரோ. உவர்நீரில் குழைத்தால் சாந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக இறுகும். பிறகு அந்த உப்பே வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே பூக்கும். நீராற்றும் வேலை இல்லாததால் செலவாகும் தண்ணீரும் குறைவுதான். 25 கிலோ மூட்டைக்கு 15 முதல் 18 லிட்டர் வரை. சரியான அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

பூசும் முறை

வாங்கிய மூட்டையை நம்பிச் சுவருக்குப் போகாதீர்கள். ஒரு கைப்பிடி தூளைத் தேங்காய்ச் சிரட்டையில் குழைத்து வையுங்கள். சொன்ன நேரத்தில் இறுகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்து, ஆறிய பின் விரலால் அழுத்தினால் பொடியாமல் நின்றால் சரக்கு நல்லது. அவசரமாக இறுகி நொறுங்கினாலும், நேரம் கடந்தும் களியாகவே கிடந்தாலும் ஈரம் குடித்த சரக்கு. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செங்கல் சுவரானால் தூசி தட்டி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பளபளவென்று நீர் நிற்கக் கூடாது. கான்கிரீட் தூணும் உத்தரமும் வழவழப்பாக இருப்பதால் பூச்சு அப்படியே பிடிக்காது. பிடிமானத் திரவம் அடித்து, அதன் டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை காயவிட வேண்டும். தூணும் செங்கல்லும் சேரும் கோட்டில் கண்ணாடியிழை வலை பதித்துக்கொண்டால் பின்னால் வெடிப்பு வராது. மின்சாரப் பெட்டிகள், ஆணிகள் போன்ற இரும்புச் சாமான்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். சிமென்ட் தன் காரத்தால் இரும்பைக் காப்பாற்றும்; ஜிப்சத்துக்கு அந்தக் குணம் இல்லை. பூச்சைத் துளைத்துக்கொண்டு பழுப்புக் கறை வெளிவந்தால் எத்தனை கோட் வண்ணம் அடித்தாலும் மறையாது.

பிறகு தூக்குக்குண்டு பிடித்து மட்டப் புள்ளிகள் வையுங்கள். 12, 13 மில்லிமீட்டர் கனம் போதும். அந்தக் கனத்தில் 25 கிலோ மூட்டை ஏறக்குறைய 20 சதுர அடிக்கு வரும். சுவர் எவ்வளவு கோணலோ அவ்வளவு மூட்டை கூடுதலாகும் என்பதால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

குழைக்கும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், அதன்மேல் தூள். தூளில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். தூள் நனைந்து அமிழ ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு கட்டியில்லாமல் கலக்குங்கள். இருபது நிமிடத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழையுங்கள். கையிலிருக்கும் சாந்து இறுகத் தொடங்கிவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். அது மறுபடி உயிர்பெறாது, சுவரில் பொடியாகத்தான் நிற்கும். கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தொட்டியையும் கரண்டியையும் கழுவ வேண்டும். பழைய சாந்தின் துணுக்கு ஒட்டியிருந்தால் புதுக் கலவை அதைப் பற்றிக்கொண்டு பாதி நேரத்திலேயே இறுகிவிடும். “இன்றைக்குச் சரக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது” என்று சித்தாள் கேட்டால் தொட்டியின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

கீழிருந்து மேலாகக் கரண்டியால் அழுத்திப் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, பள்ளங்களை நிரப்புங்கள். சாந்து விரலில் ஒட்டாமல், ஆனால் விரல் அழுத்தத்துக்கு இணங்கும் கட்டத்தில் இரும்புக் கரண்டியால் தேய்த்தால் அந்த வழவழப்பு வரும். அதற்கு முன் தேய்த்தால் இழுபடும், பின் தேய்த்தால் கீறும். ஒரு சுவரைத் தொடங்கினால் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

சில இடங்களில் சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு கைப்பிடி சிமென்ட்டைச் சேர்க்கப் பார்ப்பார். தடுத்துவிடுங்கள். சிமென்ட்டும் ஜிப்சமும் ஈரத்தில் சேரும்போது உண்டாகும் படிகம் பருத்து, பூச்சை உள்ளிருந்தே உப்பச்செய்து உடைக்கும். ஆலையில் சிமென்ட் அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கத்தான் செய்கிறார்கள். அது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அளவில், சிமென்ட் உடனே இறுகிவிடாமலிருக்கச் செய்யும் கணக்கு. கைப்பிடிக் கணக்கு அதுவல்ல.

பூசிய சுவர் ஈரமாக இருக்கும்போது சாம்பல் படிந்தாற்போல் இருக்கும். காயக் காய வெளுக்கும். மூலைகளும் அடிப்பகுதியும் கடைசியில்தான் வெளுக்கும். சுவர் முழுக்க ஒரே நிறமாகி, பாலித்தீன் தாள் சோதனையிலும் ஈரம் காட்டாத பிறகு பிரைமர் அடியுங்கள். ஒரு வாரமும் ஆகலாம், மூடிய அறையில் மூன்று வாரமும் ஆகலாம். விருந்துக்கு நாள் குறித்துவிட்டு வண்ணம் அடிக்க நெருக்காதீர்கள்.

ஃபால்ஸ் சீலிங்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்தளம் ஒழுகாது என்று ஒரு முழு மழைக்காலம் பார்த்து உறுதி செய்த பிறகே ஜிப்சம் பலகையால் கூரை மறையுங்கள். மறைத்த பின் ஒழுகினால், பலகை தொய்ந்து மஞ்சளாகும்போதுதான் தெரியவரும். சட்டங்களும் திருகுகளும் துத்தநாகம் பூசியவையாக இருக்க வேண்டும். பாம்பன், ராமேசுவரம் போல இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் வெட்டிய சட்ட முனைகளுக்கும் துருத்தடுப்பு அடிக்கச் சொல்லுங்கள். துரு பிடிப்பது அந்த முனையிலிருந்துதான். இந்தப் பலகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் தீப்பிடித்தால் அது ஆவியாகி முடியும்வரை மறுபக்கம் சூடு ஏறுவது தாமதப்படும்.

கைவேலைக்கு வார்ப்பு

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பழக எளிய வழி, கரையில் ஒதுங்கிய வெற்றுக் கிளிஞ்சலைக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் வார்ப்பது. ஒரு குவளை தண்ணீருக்கு ஒன்றரை முதல் இரண்டு குவளை தூள். தூளைத் தண்ணீரின் மேல் தூவிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அமிழாமல் சிறு சிறு தீவுகளாக நிற்கும், அதோடு நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் கழித்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, ஒரு ஓரத்திலிருந்து ஊற்றுங்கள். அச்சைத் தட்டினால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும். சூடேறி, மீண்டும் ஆறிய பிறகு எடுங்கள். கூடுதல் நேரம் வேண்டுமானால் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். இறுகுவதை அது தாமதப்படுத்தும். ரப்பர், பிளாஸ்டிக் அச்சுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். கரும்பலகைச் சாக்பீஸ் செய்வதும் இதே முறைதான். சிறுதொழிலாகத் தொடங்குகிறவர்கள் வார்த்த சாக்பீஸை நன்றாக உலர்த்தாமல் பெட்டியில் அடைக்கக் கூடாது.

குழந்தைகள் உடனிருந்தால் ஒரு கண்டிப்பு: கையையோ காலையோ சாந்துக்குள் புதைத்து அச்சு எடுக்க விடாதீர்கள். கெட்டியான சாந்து 60 டிகிரி வரை சூடாகும். அதற்குள் இறுகியும்விடுவதால் கையை இழுக்க முடியாது. விரலைப் பறிக்கும் அளவு தீக்காயம் ஆகலாம்.

வயலுக்கு ஜிப்சம்

வீட்டுக்கு வாங்கும்போது வயலுக்கும் ஒரு மூட்டை என்று நினைப்பவர்கள் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். களர் வேறு, உவர் வேறு. மண்ணின் கார அமிலத் தன்மை எட்டரைக்கு மேல் போய், சோடியம் களித்துகளோடு ஒட்டி, மழை பெய்தால் வழுக்கி, காய்ந்தால் பாளமாகும் நிலம் களர். அங்கே ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விலக்கும். கடல்நீர் ஏறி மேலே வெள்ளையாக உப்புப் படிந்த நிலம் உவர். அதற்கு ஜிப்சம் பயன்படாது. நல்ல தண்ணீர் கட்டி வடித்தால்தான் உப்பு போகும். களரிலும் விலகிய சோடியம் வெளியேற வடிகால் வேண்டும். ஆகவே புரட்டாசியில் பரிசோதனை சொன்ன அளவைத் தூவி, மேல்மண்ணோடு கலந்து, வரப்பைப் பலப்படுத்தி வைத்தால், பருவமழை நீரையே தேக்கி வடித்துக்கொள்ளலாம்.

நிலக்கடலைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ. விதைத்த 40, 45-ஆம் நாளில் செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும். காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதால் வேர்ப்பக்கம் ஆழத்தில் போட்டுப் பலனில்லை. செடியோரம் இட்டால் பொக்குக் கடலை குறையும். இதற்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும் சரக்குதான் சரி. கட்டடக் கடையின் பிளாஸ்டரைத் தூவினால் முதல் மழையில் கட்டியாகிவிடும்.

மிஞ்சியதை என்ன செய்வது?

சாந்து கழுவிய நீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். குழாயின் வளைவில் தேங்கி, நீருக்கு அடியிலேயே இறுகிவிடும். பிறகு குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் தெளிந்த நீர் மேலே நிற்கும். அதை வடித்துவிட்டு, இறுகிய அடியைத் தட்டிக் கொட்டலாம். பிளாஸ்டிக் வாளியாக இருந்தால் பக்கவாட்டில் அழுத்தினாலே பாளமாகக் கழன்றுவிடும். உடைத்த பழைய பூச்சைக் குப்பைக்குழியில் மட்கும் கழிவோடு புதைக்க வேண்டாம். ஈரத்தில் காற்றில்லாமல் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு கிளம்பும். கட்டட இடிபாடுகளோடு தனியாக அனுப்புங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் செய்து கடலில் கரைப்பதும் கூடாது. 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அந்தச் சிலைகளுக்கு அனுமதி கிடையாது. களிமண்ணிலேயே செய்துகொள்ளுங்கள்.